பொரித்த எண்ணெயில் வண்டி ஓட்டலாமா?

ஆவடியைத் தாண்டி வெள்ளானூரில் நிக்காஹ், வலீமா விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் சகோதரர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. சிக்கன் 65, சமோசா, பிரியாணிக்கு வெங்காயம் பொரிப்பது என்று வாரத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர் எண்ணெய் அவரிடம் மிஞ்சுகிறது. தேக்சாக்களை ஏற்றிச் செல்ல ஒரு பழைய ‘குட்டி யானை’ வைத்திருக்கிறார். சென்னையில் டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால், 40 லிட்டருக்கு 3,680 ரூபாய். மாதத்துக்கு 15,000 ரூபாயை நெருங்குகிறது. “மெக்கானிக் ஓடும் என்கிறார். யூடியூபிலும் ஓடுகிறது. நம் வண்டியில் மட்டும் ஏன் ஓடாது?” என்றார்.

ஓடும். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். 1996-ல் தமிழகமே வாய்பிளந்து பார்த்த மூலிகை பெட்ரோல் போன்ற கதை இல்லை இது. தாவர எண்ணெயில் டீசல் என்ஜின் ஓடும் என்பது அந்த என்ஜின் பிறந்த காலத்திலேயே தெரிந்த செய்தி. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. என்ஜினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. அது எண்ணெயில் ஓடுகிறது என்பதைப் பார்வையாளர்களில் மிகச் சிலரே கவனித்தார்களாம். பின்னாளில் ருடால்ஃப் டீசலே இதைச் சொல்லியிருக்கிறார். இந்த யோசனை பிரெஞ்சு அரசினுடையது. ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை ஏராளமாக விளைந்தது. அங்கேயே விளைவதை அங்கேயே எரிபொருளாக்கலாமே என்று கணக்குப் போட்டார்கள். அதே காலத்தில் நம் தென்னாற்காட்டு மல்லாட்டையும் புதுச்சேரி வழியாக மார்சேய் துறைமுகத்துக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது என்பது ஒரு பக்கச் செய்தி.

அப்புறம் ஏன் உலகம் முழுவதும் கடலை எண்ணெயில் ஓடவில்லை? மண்ணுக்கடியில் இருந்து வந்த எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. என்ஜின்களும் அந்த மெல்லிய டீசலுக்கு ஏற்றபடியே மாறிக்கொண்டு போயின. இன்று நம் தெருவில் ஓடும் டீசல் வண்டி, பாரிஸில் நின்ற அந்த என்ஜினின் பேரப்பிள்ளைக்குப் பேரப்பிள்ளை. தாத்தா தின்றது பேரனுக்குச் செரிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கெட்டித்தன்மைதான் சிக்கல்

ஒரு கரண்டி டீசலையும் ஒரு கரண்டி சூரியகாந்தி எண்ணெயையும் சாய்த்துப் பாருங்கள். டீசல் தண்ணீர் போல ஓடும். எண்ணெய் தயங்கித் தயங்கி வழியும். 40 டிகிரி வெப்பத்தில் அளந்தால் டீசலைவிடச் சமையல் எண்ணெய் சுமார் பத்து மடங்கு கெட்டி. டீசல் என்ஜினில் எரிபொருள் இன்ஜெக்டரின் நுண்ணிய துளை வழியே புகை போலத் தெறித்தால்தான் முழுமையாக எரியும். கெட்டியான எண்ணெய் புகையாகத் தெறிக்காமல் பெரிய துளிகளாக விழுகிறது. துளியின் மேல்பகுதி எரியும், உள்ளே இருப்பது கரியாகும். அந்தக் கரி இன்ஜெக்டர் முனையில் ஒட்டும், பிஸ்டன் ரிங்கைப் பிடிக்கும். எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே என்ஜின் ஆயிலோடு சேரும். தாவர எண்ணெய்க்குச் சூட்டில் பிசின்போல இறுகும் குணம் உண்டு. நாள்பட்ட வடைச்சட்டியின் வெளிப்பக்கம் பழுப்பாகப் படிந்து, தேய்த்தாலும் போகாதே, அதேதான். அது என்ஜின் ஆயிலுக்குள் நடந்தால் ஆயில் கூழாகிவிடும். அதற்குப் பிறகு என்ஜினைப் பிரித்துத்தான் ஆகவேண்டும்.

இவை எதுவும் முதல் நாள் தெரியாது. முதல் மாதமும் தெரியாது. வண்டி நன்றாகவே ஓடும். புகையில் பஜ்ஜிக்கடை வாசனை வரும். “பார்த்தீர்களா, ஓடுகிறதே!” என்று வீடியோ எடுப்பவர்கள் அந்த நாளில்தான் எடுக்கிறார்கள். இன்ஜெக்டரைக் கழற்றும் நாளில் யாரும் கேமராவை வைப்பதில்லை.

இதற்கு வெளிநாடுகளில் கண்ட வழி, எண்ணெயைச் சூடாக்கி மெல்லியதாக்குவது. வண்டியில் இரண்டு டேங்க் இருக்கும். சின்ன டேங்கில் டீசல், பெரிய டேங்கில் எண்ணெய். வண்டியை டீசலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ரேடியேட்டருக்குப் போகும் சுடுதண்ணீரை ஒரு குழாய் வழியாக எண்ணெய் டேங்குக்கும் ஃபில்டருக்கும் திருப்பி விடுவார்கள். எண்ணெய் 70, 80 டிகிரிக்கு வந்த பிறகு ஒரு சுவிட்சைத் தட்டி எண்ணெய்க்கு மாற வேண்டும். வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடி டீசலுக்கு மாறி, குழாயில் நிற்கும் எண்ணெயை எரித்துத் தீர்த்துவிட வேண்டும். மறந்தால் மறுநாள் காலை ஆறிய எண்ணெயோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

நீண்ட தூரம் நிற்காமல் ஓடும் லாரிக்கு இது பொருந்தும். ஆவடி ரயில் நிலையத்துக்கும் வெள்ளானூருக்கும் நடுவே போய் வரும் வண்டிக்கு? எண்ணெய் சூடேறுவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். மண்டபத்தில் தேக்சாவை இறக்க நிறுத்தி, மறுபடி எடுத்து, சிக்னலில் நின்று போகும் நம் சகோதரரின் குட்டி யானைக்கும் அதே கதைதான்.

பாதிக்குப் பாதி டீசலில் கலந்து ஊற்றினால்? கெட்டித்தன்மை குறையும். கரி படிவது தள்ளிப்போகும், நிற்காது.

என்ஜினுக்கு என்ஜின் வித்தியாசம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. 2005-ல் வந்த டாடா ஏஸின் முதல் டீசல் என்ஜின், எரிபொருளை நேராக சிலிண்டரில் தெளிக்காமல் பக்கத்தில் உள்ள சிறு அறையில் தெளித்து எரிக்கும் பழைய வகை. அந்த வகை என்ஜின்கள் கெட்டி எண்ணெயைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மெக்கானிக் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் பம்பையும் பார்க்க வேண்டும். வரிசைப் பம்புக்கு என்ஜின் ஆயில் வழவழப்பைத் தருகிறது. ரோட்டரி பம்போ தனக்குள் ஓடும் எரிபொருளையே வழவழப்புக்கு நம்பியிருக்கிறது. ஆறிய கெட்டி எண்ணெயை அது இழுக்கப் பார்த்து உள்ளேயே உடையலாம். சி.ஆர்.டி.ஐ. வண்டி, அதிலும் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், தலைமுடியைவிட நுண்ணிய இடைவெளிகளில் வேலை செய்யும் பம்ப் அது. ஒரு துளி தண்ணீரும் ஒரு துகள் மசாலாவும் அதற்குப் போதும்.

மசாலா என்றதும் இன்னொன்று. ஜெர்மனியில் 2001 முதல் 2005 வரை நூற்றுக்கும் மேற்பட்ட டிராக்டர்களைக் கடுகு இனத்து எண்ணெயில் ஓட்டிச் சோதித்தார்கள். பல டிராக்டர்கள் பெரிய பழுதில்லாமல் ஓடின. மற்றவற்றில் பம்பும் இன்ஜெக்டரும் மாற்ற வேண்டி வந்தது. அவர்கள் ஊற்றியது புதிதாகப் பிழிந்து, தரம் பார்த்த எண்ணெய். நம்மிடம் மிஞ்சுவது அதுவல்ல. கோழியிலிருந்து இறங்கிய தண்ணீரும் உப்பும், மாவுத்தூளும், கோழிக் கொழுப்பும் கலந்தது. பலமுறை காய்ந்ததால் அமிலம் கூடியது. இரும்பை அரிக்கும், ரப்பர் வாஷரை ஊதவைக்கும். மார்கழிக் காலையில் பாமாயில் கேனில் பாதி உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபில்டரிலும் அப்படித்தான் நிற்கும்.

வேறு வழியே இல்லாத இடத்தில் மனிதர்கள் ஓட்டியிருக்கிறார்கள். பப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவு 1990-களில் முற்றுகையிடப்பட்டு ஒரு சொட்டு டீசல்கூட வராமல் போனபோது, அந்த மக்கள் தேங்காய் எண்ணெய் காய்ச்சி வண்டியும் ஜெனரேட்டரும் ஓட்டினார்கள். நமக்குப் பக்கத்தில் கர்நாடகத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த உடுப்பி ஸ்ரீநிவாசாவின் குழு, ககனஹள்ளி கிராமத்தில் புங்க எண்ணெயில் ஜெனரேட்டர் ஓட்டித் தண்ணீர் இறைக்க வழி செய்தது. ஓரிடத்தில் நின்று மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும் என்ஜின் வேறு, தெருவில் நின்று நின்று ஓடும் வண்டி வேறு. தமிழ்நாட்டில் காட்டாமணக்கு நட்டால் டீசலே வாங்க வேண்டாம் என்று 2000-களில் விவசாயிகளிடம் சொன்னார்கள். நட்டவர்கள் பலர் சில ஆண்டுகளில் பிடுங்கிப் போட்டார்கள். தண்ணீர் இல்லாமல் தானாகக் காய்க்கும் என்று சொன்ன செடி, தண்ணீர் இல்லாமல் சரியாகக் காய்க்கவே இல்லை.

புது எண்ணெயை ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். கடையில் சமையல் எண்ணெய் டீசலைவிட விலை கூடுதல். நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியபோது நம் வீட்டு அடுப்படி வரை அது சுட்டது. ஒரே ஒரு எண்ணெய்தான் டீசலைவிட மலிவு. ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கொடுக்கும் பாமாயில். அதை வண்டிக்கு ஊற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அது குற்றம் என்பது ஒருபுறம். ஏழைக் குடும்பத்தின் தட்டிலிருந்து எடுப்பது.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை அனுமதியின்றி மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எல்.பி.ஜி., சி.என்.ஜி. கிட்டுகளுக்கு ஒப்புதல் பெறும் நடைமுறை இருக்கிறது. பட்டறையில் பற்றவைத்த எண்ணெய் டேங்குக்கு அது கிடையாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும். பிரிட்டனில் 2002-ல் வேல்ஸ் பகுதியின் லனெத்லி நகரில், வரி கட்டாமல் சமையல் எண்ணெயில் கார் ஓட்டியவர்களைப் போலீஸ் புகைநாற்றத்தை வைத்தே பிடித்தது. பிறகு 2007-ல் அந்நாடு ஆண்டுக்கு 2,500 லிட்டர் வரை வரியில்லாமல் பயன்படுத்த அனுமதித்துவிட்டது. இங்கே அப்படி ஒரு தளர்வு இல்லை.

பயோடீசலை வீட்டில் செய்யாதீர்கள்

எண்ணெயை அப்படியே ஊற்றுவது வேறு, பயோடீசல் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் குழம்புகிறார்கள். சுமார் 100 லிட்டர் எண்ணெயோடு 20 லிட்டர் அளவுக்கு மெத்தனாலும், ஒரு கிலோவுக்கும் குறைவான காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால், எண்ணெயின் பெரிய மூலக்கூறு உடைந்து சிறியதாகிறது. அடியில் கிளிசரின் படியும். மேலே நிற்பது கழுவி உலர்த்திய பிறகு டீசலுக்குக் கிட்டத்தட்ட சமமான மெல்லிய எரிபொருள். இதற்கு ஐ.எஸ். 15607 என்று இந்தியத் தர அளவீடும் உண்டு. இந்தோனேசியா 2025 முதல் டீசலில் 40 சதவீதம் பாமாயில் பயோடீசல் கலக்கிறது. 2030-க்குள் 5 சதவீதம் என்பது நம் நாட்டின் 2018 உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு டிரம்மும் ஒரு கலக்கியும் போதும் என்று வீடியோக்கள் காட்டுகின்றன. அதில் வரும் மெத்தனால் எது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது அதுதான். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இறந்தவர்களைக் கொன்ற மெத்தனால், நமக்குப் பக்கத்தில் வானகரத்தில் இருந்த ஒரு ரசாயன ஆலையிலிருந்து போனது என்று காவல்துறை சொன்னது. உரிமம் இல்லாமல் அதை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். ஆவி கண்ணைப் பறிக்கும். பகலில் எரிந்தால் தீப்பிழம்புகூடச் சரியாகத் தெரியாது. பிள்ளைகள் நடமாடும் வீட்டின் பின்கட்டில் செய்யும் வேலை இல்லை இது.

‘பயோடீசல்’ என்று எழுதிவைத்து மலிவாக விற்கும் இடங்களிலும் கவனம் தேவை. வேறு ஏதோ தொழிற்சாலை எண்ணெயை அந்தப் பெயரில் விற்றவர்கள் மீது குஜராத் உள்ளிட்ட மாநிலங்களில் நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள்.

அந்த 40 லிட்டரை என்ன செய்வது?

இந்த இடத்தில்தான் நம் சகோதரர் சொன்ன ஒரு செய்தி நம்மைத் தூக்கிவாரிப் போட்டது. இப்போது அந்த எண்ணெயை வாரா வாரம் ஒருவர் வந்து 15 கிலோ டின்னில் வாங்கிப் போகிறாராம். எங்கே போகிறது என்று கேட்டதில்லையாம். “சோப்புக்கு என்று சொன்னார்” என்றார்.

சோப்புக்கும் போகலாம். ஆனால் கருத்த எண்ணெய் வடிகட்டப்பட்டு, புது எண்ணெயோடு கலந்து, சாலையோரக் கடைக்கும் மலிவு விலை எண்ணெய்க்கும் திரும்பி வருவது ஊரறிந்த வழக்கம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் கெட்டுப்போன பொருட்களை ‘மொத்தத் துருவச் சேர்மங்கள்’ என்று அளக்கிறார்கள். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் விதி. இதயத்துக்கும் ஈரலுக்கும் அது செய்யும் கேட்டை மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நாம் விற்ற டின் எந்தக் கடைச் சட்டியில் போய் விழுகிறதோ, அந்தக் கடையில் டியூஷன் முடிந்து வரும் நம் பிள்ளைகளும் பஜ்ஜி வாங்கித் தின்கிறார்கள். விற்கும் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்று கற்றுத் தரப்பட்ட சமுதாயம் நாம். எங்கே போகிறது என்று கேட்காமல் இருப்பதும் ஒருவகை மறைப்புதானே என்று தோன்றுகிறது.

இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஆகஸ்டில் ‘ரூக்கோ’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பயன்படுத்திய எண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்கள் காசு கொடுத்து வாங்கி, பயோடீசல் ஆலைக்கு அனுப்ப வேண்டும். 2019 மார்ச் 1 முதல், நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் உணவகங்கள், எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு மிஞ்சியது, யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு எண்ணெய் நிறுவனங்கள், இப்படித் தயாராகும் பயோடீசலை முதலாண்டு லிட்டர் 51 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக 100 நகரங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டன. அதாவது, நம் சகோதரரின் எண்ணெய் வண்டி ஓட்டத்தான் போகிறது. அவர் வண்டியில் நேராக ஊற்றாமல், மெத்தனாலைக் கையாளத் தெரிந்த ஆலை வழியாகச் சுற்றிப் போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சேகரிப்பாளர் தரும் விலை, டின்காரர் தருவதைவிடச் சில நேரம் குறைவாக இருக்கலாம். அதையும் சொல்லாமல் விட முடியாது. கள்ளத்தனமாகச் சாப்பாட்டுக்கே திரும்பும் எண்ணெய்க்கு அதிக விலை கொடுக்க முடிகிறது; காரணம் அதுதான். நம் சகோதரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப டின்காரரை நிறுத்திடறேன்” என்றார். அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளர்களின் பட்டியல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் கேட்கலாம். வருகிறவரிடம் அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். எடுத்துப் போகும் ஒவ்வொரு முறையும் அளவும் தேதியும் எழுதிய ரசீது வாங்குங்கள்.

வீடுகளில் மிஞ்சுவது மாதம் அரை லிட்டரோ ஒரு லிட்டரோதான். அதற்காக யாரும் வண்டி எடுத்து வர மாட்டார்கள். ஆனால் ரமளானில் கணக்கு வேறு. நோன்புக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வடையும் சமோசாவும் ஒரு மாதம் முழுக்கத் தினமும் பொரிகிற மஹல்லாவில், நூறு வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு லிட்டர் என்றாலே 100 லிட்டர். பள்ளிவாசலில் ஒரு மூடியுள்ள கேன் வைத்து, பெருநாள் கழிந்த வாரத்தில் சேகரிப்பாளரை ஒருமுறை வரச் சொன்னால் போதும். வரும் தொகை சிறியதுதான், பைத்துல்மாலில் சேர்க்கலாம். சிங்க்கில் ஊற்றி அடைப்பெடுக்க ஆள் கூப்பிடும் செலவும் மிச்சம்.

எண்ணெய் நன்றாக ஆறிய பிறகு துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். கழுவிய பாத்திரத்தின் தண்ணீர் அதில் விழக் கூடாது. வண்டியிலிருந்து வடித்த என்ஜின் ஆயிலை மறந்தும் அந்தக் கேனில் கலக்க வேண்டாம். ஒரு லிட்டர் கலந்தாலும் முழுக் கேனையும் ஆலை திருப்பி அனுப்பிவிடும்.